தோலை விடுங்க, சாறைப் பாருங்க

சித்திரை வெயில் ஏற ஆரம்பிச்சதும் அடர் நெயில் பாலிஷ் எல்லாம் எனக்கு அலுத்துப் போயிடும். கல்யாண சீசன்ல பட்டுப்புடவைக்கு ஜோரா எடுத்துக் கொடுத்த அதே மெரூன், மே மாசம் மத்தியானம் பஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது விரல் நுனியில கனமா உக்காந்திருக்கும். பார்க்கவே புழுக்கமா இருக்கும். அதனால கத்திரி வெயில் முடிஞ்சு நாலு மழை விழற வரைக்கும் நான் கண்ணாடி வகைதான் போடுறது. நிறம் இருக்கும், ஆனா அதுக்குள்ள நகம் தெரியும். மேல ஈரம் காயாத பளபளப்பு. கடையில ஜெல்லின்னும் சொல்றாங்க, ஷீர்னும் சொல்றாங்க. கொரியாவுல இதுக்கு சிரப்னு பேரு. ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைங்களைக் கேட்டா ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, லிச்சி, பீச்னு ஒரு பழக்கடையையே ஒப்பிப்பாங்க.

அந்தப் பழப்பேர்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பாட்டில்ல செர்ரின்னு போட்டிருக்கும், உள்ளே இருக்கிறது செங்கல் மாதிரி அடைச்ச சிவப்பு. பழம் பேர்ல மட்டும்தான். நான் வெச்சிருக்கிற கணக்கு ரொம்பச் சுலபம்: பழத்தோட தோல் நிறத்தைப் பார்க்காதீங்க, அதைப் பிழிஞ்சா வர்ற சாறைப் பாருங்க. சாறு தெளிவா, ஒளி ஊடுருவுற மாதிரி இருந்தா அந்தப் பழம் நகத்துக்கு ஆகும். கூழா வந்தா ஆகாது. வெயில் காலத்துல என் கைக்கு எந்த ஷேட் வாங்கணும்னு இந்த ஒரே விதியை வெச்சுத்தான் முடிவு பண்றேன்.

இதுக்குப் பின்னாடி கொஞ்சம் வேதியியல் இருக்கு. சாதாரண நெயில் பாலிஷ்ங்கிறது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் மாதிரி சீக்கிரம் ஆவியாகிற கரைப்பான்கள்ல கரைச்சு வெச்சது. கரைப்பான் பறந்து போனதும் மெல்லிய படலம் மட்டும் நகத்து மேல தங்கும். அந்தப் படலம் நகத்தை மறைக்கணும்னா ஒளியைச் சிதறடிக்கிற நிறமி வேணும். அதுல முக்கியமானது டைட்டானியம் டை ஆக்ஸைடுங்கிற வெள்ளைப் பொடி. சுவர் பெயிண்ட்லயும் சன்ஸ்க்ரீன்லயும் இருக்கிற அதே வெள்ளைதான். ஜெல்லி வகையில இந்த வெள்ளையை விட்டுடுவாங்க, மத்த நிறமியையும் ரொம்பக் குறைச்சுத்தான் சேர்ப்பாங்க. அப்போ வெளிச்சம் நிறத்துக்குள்ள நுழைஞ்சு, நகத்துக்கு அடியில இருக்கிற சதையில பட்டு, திரும்ப அதே நிறத்து வழியா வெளிய வரும். ஒரே படலத்தை ரெண்டு தடவை கடக்குது. அதனாலதான் அந்த ஆழம். அதனாலதான் ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் கூடிக்கிட்டே போகுது.

இதைக் கண்ணால பார்க்கணும்னா தர்பூசணியை வெட்டிப் பாருங்க. பச்சைத் தோலை ஒட்டி வெள்ளை, அதுக்கு உள்ளே லேசான ரோஸ், நடுவுல நல்ல சிவப்பு. ஒரு கோட் போட்டா தோலோரத்து ரோஸ், ரெண்டு போட்டா பாதி வழி, மூணு போட்டா நடுப்பழம். ஒரே பாட்டில்ல மூணு நிறம் கிடைக்குது. முதல் கோட் போடும்போது மனசு விட்டுடும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடுறேன். பிரஷ் போன கோடு கோடாத் தெரியும், நகத்து ஓரத்துல நிறம் தேங்கி நிக்கும், நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அழிச்சுடாதீங்க. ரெண்டாவது கோட் அந்தக் கோடுகளை நிரப்பிக்கிட்டு தானா சமமாகும். மூணாவதுல நகத்துக்கு உள்ளேயிருந்து நிறம் வர்ற மாதிரி ஆயிடும்.

நம்ம கைக்கு வர்றேன். மாநிறம், கருப்பு, இடைப்பட்டது எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். விளம்பரத்துல காட்டுற கை பெரும்பாலும் வெளுத்த கை. அதுல தெரியிற ஸ்ட்ராபெர்ரி நம்ம கையில அப்படியே வராது, வரவும் வேண்டியதில்லை. நிறம் ஊடுருவுற வகைங்கிறதால அடியில இருக்கிற நம்ம நகமும் கணக்குல சேருது. காலேஜ் போற என் அக்கா மக ஒருநாள் அலுத்துக்கிட்டா: "சித்தி, இது பாட்டில்ல ஒண்ணு, கையில ஒண்ணுல்ல இருக்கு?" அதுதான் இதோட சிறப்பேன்னு சொன்னா அவ ஒத்துக்க மாட்டேங்கிறா. அடர் வகையில நீங்களும் நானும் ஒரே பாட்டிலைப் போட்டா ஒரே நிறம்தான். இதுல அவ கையில ஒரு சிவப்பு, என் கையில வேற சிவப்பு.

என் வோட்டு முதல்ல மாதுளைக்கு. மாதுளை முத்து ஒண்ணை எடுத்து ஜன்னலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, உள்ளே விதையோட நிழல் தெரியும், சுத்தி ரத்தினச் சிவப்பு. அந்தச் சிவப்புல ஒரு துளி நீலம் கலந்திருக்கு. அதுதான் பழுப்பு விரலுக்கு எடுப்பா இருக்கு. எந்த வெயில்லயும் கை சோர்ந்து தெரியாது. அடுத்தது பிளம்ஸ். மே, ஜூன்ல கொடைக்கானல் பக்கம் போயிட்டு வர்றவங்க பை நிறைய வாங்கிட்டு வருவாங்களே, அது. கடிச்சா தோலை ஒட்டி இருக்கிற சதையில ஒரு சிவப்பு பரவியிருக்கும், ஒயின் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல. அந்த நிறத்துல ரெண்டு கோட் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனா யாரும் புருவத்தைத் தூக்க மாட்டாங்க. வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் குறைச்சலா இருக்காது.

செர்ரின்னா எனக்கு ஞாபகம் வர்றது பேக்கரி கேக் மேல உக்காந்திருக்கிற செர்ரிதான். அது பல கடையில செர்ரியே கிடையாது. களாக்காயைச் சர்க்கரைப் பாகுல ஊற வெச்சு, சிவப்புச் சாயம் ஏத்தி, செர்ரின்னு பேர் வெச்சுடுறாங்க. ஆனா நகத்துக்கு நாம தேடுற நிறம் அந்தப் பொய்ச் செர்ரியோடதுதான்! பாகுல ஊறின பளபளப்பு, ஒளி புகுற சிவப்பு. நிஜச் செர்ரியோட தோல் இவ்வளவு தெளிவு கிடையாது.

ஆரஞ்சு வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா சுளையோட மேல்தோலை உரிச்சா உள்ளே தெரியுமே, சின்னச் சின்னப் பை பையா, அந்த வெளிர் ஆரஞ்சு வேணும். வெளித்தோல் ஆரஞ்சு வேண்டாம். நாவல் பழத்துல ஜாக்கிரதை. நாக்கெல்லாம் ஊதாவாகிற சாறு, நகத்துல பிரமாதமா இருக்கும்னு தோணும். ஒரு கோட்டோட நிறுத்தினீங்கன்னா கதவிடுக்குல நசுங்கின நகம் மாதிரி ஆயிடும். அடியில இருக்கிற இளஞ்சிவப்போட ஊதா சேரும்போது கன்னிப்போன நிறம்தான் வரும். மூணு கோட், தேவைப்பட்டா நாலு. அப்போதான் அது நாவல்.

மாம்பழம் ஆகவே ஆகாது. பழங்களோட ராஜாவை இப்படி ஒதுக்குறதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா விதி விதிதான்: மாம்பழத்தைப் பிழிஞ்சா சாறா வருது, கூழால்ல வருது? பப்பாளியும் அப்படித்தான், சப்போட்டாவும் அப்படித்தான். மஞ்சளை ஊடுருவுற வகையில பண்ணி நகத்துல போட்டா மாம்பழம் தெரியாது, காமாலை வந்த நகம்தான் தெரியும். மாம்பழத்தைச் சாப்பிடுறதோட விட்டுடுவோம்.

லிச்சி, இளநீர், தேங்காய்ப்பால்னு வர்ற வெள்ளை சேர்ந்த ஷேடுகள் தனி ரகம். அதுல டைட்டானியம் கொஞ்சம் போட்டிருப்பாங்க, அதனால பால் கலந்த மாதிரி இருக்கும். நம்ம விரல்ல அது சாம்பல் பூத்துத் தெரியும். என் கருத்து இது, சிலர் கையில அழகா இருக்கிறதையும் பார்த்திருக்கேன். அதுக்குப் பதிலா நான் சொல்றது நுங்கு. இளநுங்கைக் கையில வெச்சா விரல் ரேகை வரைக்கும் தெரியுதே, அதுதான் பதம். நிறமே வேண்டாம். நகத்தைச் சுத்தம் பண்ணி, பேஸ் கோட் ஒண்ணு, பளபளக்கிற டாப் கோட் ரெண்டு. ரொம்ப வேகுற நாட்கள்ல நான் இதுக்கு மேல போறதே இல்லை.

ஒளி புகுற நகம் ஏதோ புது ஃபேஷன்னு பேசுறாங்க. உண்மையில அடர் நிறம்தான் பின்னாடி வந்தது. க்யூடெக்ஸ் 1917ல திரவ பாலிஷ் விக்க ஆரம்பிச்சப்போ அதெல்லாம் மெல்லிய, நகம் தெரியிற வகைதான். 1932ல நியூயார்க்ல சார்ல்ஸ் ரெவ்சன், அவரோட சகோதரர் ஜோசஃப், சார்ல்ஸ் லாக்மன்ங்கிற வேதியியல்காரர் மூணு பேரும் சேர்ந்து ரெவ்லானைத் தொடங்கினாங்க. சாயத்துக்குப் பதிலா நிறமியைப் போட்டு நகத்தை முழுசா மூடுற எனாமல் ஒண்ணுதான் அவங்களோட முதல் சரக்கு. அதுக்கப்புறம்தான் உதட்டுச் சிவப்பும் நகச் சிவப்பும் ஒரே ஷேட்ல விக்கிற பழக்கம் பெருசாச்சு. 1953ல அவங்க விட்ட செர்ரீஸ் இன் தி ஸ்னோ இன்னைக்கும் கிடைக்குது.

அதுக்கும் ரொம்ப முன்னாடியே நம்ம வீடுகள்ல இது இருந்திருக்கு. மருதாணியை அரைச்சு, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் விட்டு, விரல் நுனிக்குத் தொப்பி வெச்சுக்கிட்டுத் தூங்குவோமே. காலையில உதிர்த்தா தோல்ல ஒரு சிவப்பு, நகத்துல இன்னொரு சிவப்பு. தோல்ல இருக்கிறது ரெண்டு மூணு வாரத்துல போயிடும். நகத்துல ஏறினது போகாது, நகம் வளர்ந்து வெட்டுப்பட்டாத்தான் உண்டு. மருதாணியில இருக்கிற லாசோன்ங்கிற சாயம் நகத்தோட கெரட்டின்லயே பிடிச்சுக்குது. மேல படலம்னு ஒண்ணு கிடையாது, நகமே நிறமாயிடுது. ஆனாலும் நகத்தோட இயல்பான மினுமினுப்பு அப்படியே இருக்கும். இதைவிட ஷீர் எது?

கொரியாவுல சிரப் நகம் இவ்வளவு ஓடுறதுக்கு அங்கேயும் ஒரு பாட்டி வழக்கம் இருந்ததும் ஒரு காரணமா இருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. கோடையில பூக்கிற ஒரு செடியோட இதழையும் இலையையும் படிகாரம் சேர்த்து இடிச்சு, நகத்து மேல வெச்சு, நூலால கட்டிக்கிட்டு ராத்திரி தூங்குவாங்க. காலையில ஆரஞ்சுச் சிவப்பு. முதல் பனி விழற வரைக்கும் அந்த நிறம் நகத்துல மிச்சம் இருந்தா முதல் காதல் கைகூடும்னு நம்பிக்கை. கைவிரல் நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஜூலையில போட்டுக்கிட்டவளுக்கு நவம்பர்ல நகத்து நுனியில ஒரு பிறை மிஞ்சினா அதிர்ஷ்டம். காதலுக்காக நகம் வெட்டாம எத்தனை பேர் சுத்தினாங்களோ! அந்தச் செடி எது தெரியுமா? நம்ம வேலியோரத்துல மழைக்கு முளைக்கிற காசித்தும்பை. பிறந்த ஊர் இந்தியத் துணைக்கண்டம்தான். அதுலயும் அதே லாசோன்தான் இருக்கு. நாம அதோட காயைத் தொட்டு வெடிக்க வெச்சு விளையாடினதோட சரி.

பாட்டில் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வழி. ஷேட் கார்டை நம்பாதீங்க. பாட்டிலைத் தலைகீழாக் கவுத்து நிமிர்த்துங்க. உள்கண்ணாடியில வழிஞ்சு இறங்குற படலத்தை டியூப்லைட்டுக்கு நேரா பாருங்க. அது வழியா வெளிச்சம் நிறத்தோட தெரிஞ்சா ஜெல்லி. கண்ணாடியை மூடிக்கிட்டு இறங்கினா அடர் வகை. மினுக்குத் துகள் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. முத்துப் பளபளப்பு வேற, கண்ணாடிப் பளபளப்பு வேற. அந்தத் துகள் ஒளியை உள்ளே விடாம மேலேயே திருப்பி அனுப்பிடும்.

ஊர்ல கிடைக்கலையா, வீட்டிலேயே கலந்துக்கலாம். ஃபேன்ஸி ஸ்டோர்ல இருக்கிறதுலயே மலிவான நிறமில்லாத பாலிஷ் ஒரு பாட்டில், கூடவே ஒரு அடர் மெரூன் இல்லைன்னா ரத்தச் சிவப்பு. பத்து பங்குக்கு ஒரு பங்குன்னு ஆரம்பிச்சு, பல்குத்தும் குச்சியால சொட்டுச் சொட்டா சேர்த்துப் பாருங்க. இங்கே எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு: இளஞ்சிவப்பு வேணும்னு இளஞ்சிவப்பு பாட்டிலையே எடுத்துக் கலக்குவாங்க. அதுல ஏற்கெனவே வெள்ளை இருக்கு. எவ்வளவு இளக்கினாலும் ரோஸ்மில்க்தான் வரும். சிவப்பை இளக்கினாத்தான் தர்பூசணிச் சாறு. இன்னொண்ணு, கெட்டியாயிடுச்சுன்னு ரிமூவரை ஊத்தாதீங்க, படலம் பலவீனமாகி சீக்கிரம் உரியும். தின்னர்னு தனியா விக்குது, ரெண்டு சொட்டு போதும். விளக்குல இறுக வைக்கிற ஜெல் பாலிஷோட சாதா பாலிஷைக் கலக்கவும் கூடாது.

போடுறதுக்கு நேரம் பார்க்கணும். மத்தியானத்துல ஃபேனுக்கு நேர் கீழே உக்காந்து போட்டா குமிழ் குமிழா வரும். மேல்பக்கம் சட்டுனு காஞ்சு மூடிக்கும், அடியில மாட்டிக்கிட்ட கரைப்பான் வெளிய வர வழி தேடும். அடர் வகையில அந்தக் குமிழ் தெரியாது, இதுல ஒவ்வொண்ணும் பளிச்சுனு தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஃபேனைக் குறைச்சு வெச்சு, மெல்லிசா மூணு தடவை, நடுவுல நல்லா இடைவெளி விட்டுப் போடுங்க. குளிச்ச உடனே போடாதீங்க, தண்ணி குடிச்ச நகம் கொஞ்சம் விரிஞ்சிருக்கும், காய்ஞ்சு சுருங்கும்போது ஓரம் கிளம்பிடும். அடுப்பு எரியிற இடமும் விளக்கு எரியிற பூஜையறையும் வேண்டாம். பாலிஷும் ரிமூவரும் குப்புனு பிடிக்கிற சரக்கு.

இனி நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி: மஞ்சள். கையால சாம்பார் சாதம் பிசையிறவங்க ஒளி புகுற பாலிஷ் போட்டா முதல் நாளே தெரிஞ்சுடும். மஞ்சள் சாயம் படலத்துக்குள்ளேயே ஊறிடும். ரோஸ் ஆரஞ்சாகும், நுங்கு மஞ்சளாகும். சாப்பிட்டுட்டு சோப்புப் போட்டுக் கழுவும்போது ஒரு கணம் நகம் செம்பழுப்பா மாறும். பயப்பட வேண்டாம், சோப்போட காரத்தன்மை பட்டா மஞ்சளுக்கு அந்த நிறம் வரும், தண்ணி விட்டதும் திரும்பிடும். மஞ்சள் கறைக்கு வெயில் ஆகாது. மொட்டை மாடியில வடாம் பிழிஞ்சு துணி உலர்த்திட்டு வந்தா பாதி வெளுத்துடும். மிச்சத்துக்கு ஒரு டாப் கோட். மாதுளை, பிளம்ஸ் மாதிரி சிவப்புகள்ல இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியாது. நான் அதுக்கு வோட்டுப் போட்டதுல இதுவும் ஒரு காரணம்.

பார்லர்ல ஜெல்லா போட்டுக்கிட்டா வாரக்கணக்கா நிக்கும், பளபளப்பும் அதிகம், உண்மைதான். ஆனா வீட்டுக்கு விளக்கோட கிட் வரவழைச்சு தானே போட்டுக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும். சரியா இறுகாத ஜெல் தோல்ல படப்பட ஒவ்வாமை வரலாம். ஒருதடவை வந்துட்டா ஆயுசுக்கும் கூடவே இருக்கும். சில ஜெல்கள்ல சேர்க்கிற டிபிஓங்கிற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1ல இருந்து அழகுசாதனங்கள்ல தடை பண்ணிடுச்சு. இந்தக் கண்ணாடி நிறத்துக்கு ஜெல் அவசியமே இல்லை. ஓரம் உரிஞ்சாலும் தெரியாது, நகம் வளர்ந்து அடியில இடைவெளி விழுந்தாலும் தெரியாது, மேல இன்னொரு கோட் பூசிக்கிட்டுப் போயிடலாம். அடர் சிவப்புல ஒரு ஓரம் பேர்ந்தா பத்தையும் அழிக்கணும்.

கால் விரலுக்கு மட்டும் இதெல்லாம் வேண்டாம். செருப்பு வெயில்ல கறுத்து, நகம் தடிச்சு, புழுதி படிஞ்சு இருக்கிற இடத்துல உள்ளே இருக்கிறதைக் காட்டுற பாலிஷ் எதுக்கு? அங்கே நல்லா அடைச்ச சிவப்பா ரெண்டு கோட் போட்டு மூடிடுங்க.